கண்ணாடியில் கோடு போட்டது யாரு?

உங்க ரூம் ஜன்னலை வெயில் அடிக்கும்போது ஒருமுறை உத்துப் பாருங்க. துடைச்ச கண்ணாடிதான். ஆனாலும் வெள்ளை வெள்ளையா கோடுகள், அங்கங்கே சொட்டு காய்ந்த வட்டங்கள்.

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? இடிடிஏ டைட்ரேஷன், ஒயின் சிவப்பு நீலமா மாறுமே, அதேதான். அந்தக் கடினநீர்தான் இங்கே குற்றவாளி. குடிநீருக்கு வேறு வழியே இல்லாத இடத்தில் இந்தியத் தரநிலை அனுமதிக்கிற உச்சக் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம். அப்படிப்பட்ட தண்ணீர் 100 மில்லி கண்ணாடியிலேயே காய்ந்தால், சுமார் 60 மில்லிகிராம் உப்பு அங்கேயே தங்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும்? சோப்பு சேர்த்தால் இன்னும் மோசம். கால்சியத்தோடு சேர்ந்து பிசுபிசுன்னு ஒரு படலமா ஒட்டிக்கும்.

எங்க பிளாக்கில் துப்புரவு வேலை பார்க்கிற அக்கா, இந்தக் கோடுகளுக்காகவே எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினாங்க. அவங்க கையில் கொடுத்தது ஒரு வாளி போர் தண்ணி, ஒரு பழைய துணி. அதை வச்சு யார் துடைச்சாலும் கோடுதான் விழும். தப்பு கையில் இல்ல, வாளியில் இருக்கு.

அப்போ என்னதான் பண்றது?

முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் தட்டுங்க. ஆர்.ஓ. தண்ணீரோ, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வடிகட்டியோ எடுத்துக்கோங்க. ரெண்டிலும் உப்பு குறைவு. அரை வாளிக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு போதும். பழைய வெள்ளைக் கறைக்குத் தண்ணீரும் வினிகரும் சரிபாதி கலந்து, அஞ்சு நிமிஷம் ஊறவிடுங்க. அமிலம் கார்பனேட்டைக் கரைக்கும். வினிகரை பிளீச்சிங் பவுடரோடு மட்டும் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

பிறகு ரப்பர் வைப்பர். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ரப்பரைத் துடைக்கணும். அடுத்த இழுப்பு முந்தையதன் மேல் கொஞ்சம் ஏறணும். கடைசியில் ஓரங்களை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒத்தி எடுங்க. சுள்ளுன்னு வெயில் அடிக்கிற நேரம் வேண்டாம். நீங்க இழுக்கிறதுக்குள்ள காய்ந்துடும். உள்பக்கம் நெடுக்காவும் வெளிப்பக்கம் குறுக்காவும் இழுத்தா, மிச்சக் கோடு எந்தப் பக்கம்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும். மாடி ரூம்னா வெளிப்பக்கத்துக்காக சன்ஷேடில் இறங்காதீங்க. நீங்களும் சரி, வேலைக்கு வர்றவங்களும் சரி.

பித்தளைப் பிடியில் ஒற்றை ரப்பர் பட்டை வச்ச வைப்பரை 1936-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் உருவாக்கினவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து வந்து ஜன்னல் துடைச்சுப் பிழைச்சவர். வேலை செய்யுற கைக்குத்தான் குறை எங்கேன்னு தெரியும். நாம டிசைன் பண்ணப் போறவங்க. அடுத்த தடவை ஏதாவது சரியா வரலைன்னா, ஆளைக் கேள்வி கேட்கும் முன்னாடி கருவியைப் பார்ப்போமா?