சாவி யாரிடம்?

எங்கள் பங்கு இல்லத்தில் பழைய இரும்புப் பெட்டி ஒன்று உண்டு. இரண்டு சாவிகள் சேர்ந்தால் அன்றி அது திறவாது. ஒன்று என்னிடம், மற்றது பங்குப் பேரவைப் பொருளாளரிடம். அவர் ஊரில் இல்லாத நாள்களில் அந்தப் பெட்டியைப் பார்த்து நான் எரிச்சலுற்றதுண்டு. ஆயினும் அதில் இருப்பது என் பணம் அன்று, ஊரார் காணிக்கை. ஆகவே இரண்டாம் சாவி நியாயமே என்று மனத்தைத் தேற்றிக்கொள்வேன். என் சட்டைப்பையில் உள்ள பொருளுக்கு வேறொருவர் சாவி வைத்திருந்தால் என் மனம் இவ்வாறு தேறுமா? இக்கேள்வியை என்னுள் எழுப்பியவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். வயது 74. ஊரே அவரை டீச்சரம்மா என்று அழைக்கும், நானும் அப்படியே.

2025 ஜூலையில் ஒரு மாலை, முன்னாள் மாணவர் ஒருவரின் எண்ணிலிருந்து அவருக்கு வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் வந்தது. படம் என எண்ணித் தொட்டார். அது படம் அன்று, ஏ.பி.கே. எனப்படும் செயலிக் கோப்பு. கைப்பேசி எச்சரிக்கத்தான் செய்தது. மாணவன் வீட்டுக் கல்யாணமாயிற்றே என்று அவர் அனுமதி கொடுத்தார். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று அது கேட்டபோதும் சரி என்றார். அதன்பின் வங்கி அனுப்பிய ஓ.டி.பி. எண்கள் அவர் கண்ணில் படுமுன்னரே திருடன் கையில் சேர்ந்தன. விடிவதற்குள் 84,000 ரூபாய் போயிற்று. மாணவரின் கைப்பேசியும் அவ்வாறே பறிபோயிருந்தது என்பது பின்னர்த் தெரிந்தது. 1930 என்ற உதவி எண்ணுக்கு நாங்கள் அழைத்தபோது பொழுது நன்றாக ஏறிவிட்டது.

வளைகுடா நாட்டில் பணியாற்றும் அவர் மகன் என்னிடம் பேசினார். "ஃபாதர், அம்மா கையில் அந்தப் போன் இருப்பதே ஆபத்து. எப்படியாவது பூட்டிவிடுங்கள்." இளைஞர் இயக்கத்துத் தம்பி ஒருவர் உதவினார். நான்கு இலக்க எண் ஒன்றின்றிப் புதிய செயலி எதுவும் நுழையாதபடி பூட்டினோம். அந்த எண் எனக்கும் மகனுக்கும் மட்டுமே தெரியும். நற்செயல் ஒன்று செய்த நிறைவோடு அன்று உறங்கினேன்.

அடுத்த மாதம் கூகுள் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2026 செப்டம்பர் முதல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும், பின்னர் ஏனைய நாடுகளிலும், தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்த தயாரிப்பாளர்களின் செயலிகளை மட்டுமே ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் ஏற்கும் என்றது. அடையாளம் மறைத்து வரும் திருடர்களைத் தடுக்கவே இவ்வேற்பாடு என்று காரணமும் சொன்னது. எதிர்ப்பு எழுந்தபின், விவரம் அறிந்தோர் எச்சரிக்கைகளைக் கடந்து தம் விருப்பப்படி நிறுவிக்கொள்ள வழி விடப்படும் என நவம்பரில் சற்று இறங்கி வந்தது. அம்மாத இறுதியில் நம் நாட்டுத் தொலைத்தொடர்புத் துறையும் களத்தில் இறங்கியது. புதிய கைப்பேசிகள் அனைத்திலும் 'சஞ்சார் சாத்தி' செயலி முன்னரே இடம்பெற வேண்டும், அதன் செயல்பாடுகளை முடக்கலாகாது என்று ஆணையிட்டது. களவுபோன கைப்பேசியை முடக்க உதவும் நல்ல செயலிதான். ஆனால் நாடெங்கும் குரல் எழவே, டிசம்பர் 3 அன்று அக்கட்டாயம் திரும்பப் பெறப்பட்டது.

பூட்டே வேண்டாம் என்பவன் அல்லன் நான். நள்ளிரவில் மனம் உடைந்து எனக்கு எழுதியோரின் செய்திகள் என் கைப்பேசியில் உள்ளன. அவை அயலார் கண்ணில் படுமாயின், அந்தக் குடும்பங்களின் முகத்தில் நான் எவ்வாறு விழிப்பேன்? அதன் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அறிவு எனக்கில்லை, தயாரித்தவர்தாம் அடைக்கிறார்கள். அதற்கு நன்றி. ஆனால் வாயிற்காவலனே சுங்கமும் வசூலிக்கும்போது, கதவு திருடனுக்கு அஞ்சி மூடப்பட்டதா, சுங்கத்தின் பொருட்டு மூடப்பட்டதா என்று ஐயுற வேண்டியிருக்கிறது. ஐபோனில் தன் கடை ஒன்றையே ஆப்பிள் நிறுவனம் அனுமதித்துவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகே, 2024 மார்ச்சில் அங்கு பிறர் கடைகளுக்கும் கதவைத் திறந்தது.

இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்து, உணவு மேசையில் உரத்து விமர்சித்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மாவின் எண் என் நாட்குறிப்பில் இருந்தது அப்போது என் நினைவில் இல்லை.

பழைய தமிழ் நூல்களைப் படிக்க ஒரு செயலி வேண்டும் என்று அவர் ஒருமுறை வந்தார்; எண்ணை அழுத்திக் கொடுத்தேன். மறுமுறை நான் மறைமாவட்டக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். இரண்டு மணி நேரம் தாழ்வாரப் பலகையில் காத்திருந்திருக்கிறார். மூன்றாம் முறை வந்தபோது கைப்பேசியை நீட்டவில்லை.

"சாமி, முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளைகளுக்குத் தன் பேரை எழுதக் கத்துக் கொடுத்தவ நான். இப்ப என் போனுக்கு நீங்க கையெழுத்துப் போடணுமா?"

மனிதனின் சுயாதீனம் பற்றிக் குருமடத்தில் பக்கம் பக்கமாகத் தேர்வு எழுதியவன் நான். அன்று ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

இரண்டு மாலைகள் அவரோடு அமர்ந்தேன். கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். குறுஞ்செய்தியைப் படிக்க எந்தச் செயலி அனுமதி கேட்டாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்றேன். அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். சேமிப்பின் பெரும்பகுதியைக் கைப்பேசியோடு தொடர்பற்ற வேறொரு கணக்கில் போட்டுவிடலாம் என்ற யோசனை அவருடையதே. எனக்கோ மகனுக்கோ தோன்றவில்லை. கடைசியில் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணை இடச் சொல்லிவிட்டு நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மகனுக்கு வருத்தம். "மறுபடியும் போனால் யார் பொறுப்பு, ஃபாதர்?" என்றார். நான் பொறுப்பு என்று சொல்லத் துணிவு வரவில்லை. அச்சம் இன்றும் எனக்குண்டு.

சென்ற வாரம் ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நின்றிருந்தோம். அவர் கைப்பேசியில் புதுமனை புகுவிழா அழைப்பு ஒன்று வந்தது. என்னை அறியாமல் கையை நீட்டினேன். அவர் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இருங்க சாமி" என்று சொல்லி, பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிந்து, கோப்பின் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.