அடுத்த புத்தகத்திலும் வருவார்களா?

சில வீடுகளில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். வீட்டுத் தலைவருக்கு நரை தட்டிவிட்டது. ஆபீஸில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரணிலிருந்து பழைய டிரங்குப் பெட்டியை இறக்குவார். "வீட்டுப் பத்திரம் தேடுகிறேன்" என்று காரணமும் சொல்வார். ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், அட்டை கிழிந்த அம்புலிமாமா ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பார். யாரோ வரும் அரவம் கேட்டதும், பத்து வயதில் அதைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்த அதே சாமர்த்தியத்தோடு இப்போது பத்திரக் கட்டுக்குள் மறைப்பார்!

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். ஆகவே அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஒரு கேள்வி மட்டும் வெகு நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. கதை தெரியும், புதையல் எங்கே இருக்கிறதென்று தெரியும், திருடன் யார் என்பதும் தெரியும். பின் எதற்காக மறுபடியும் படிக்கிறோம்? நாவல் எழுதிப் பிழைக்கிற ஒருவனுக்கு இது சொந்த விவகாரமும்கூட. என் நாவலை இரண்டாம் தடவை படித்தேன் என்று சொல்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் ஒருவர் அச்சுப்பிழை திருத்தியவர்.

"இழந்துபோன இளமையைத் தேடுகிறோம், அவ்வளவுதான்" என்று பலர் பதில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இழப்பதற்கு இன்னும் எதுவுமே இல்லாத குழந்தைகளும் அதே புத்தகத்தை ஐந்தாவது தடவை படிக்கிறார்களே, அவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

என் பெண்ணுக்கு ஒன்பது வயது. மூர் மார்க்கெட் 1985-ல் தீக்கிரையான பிறகு பழைய புத்தகக் கடைகள் பக்கத்திலே அல்லிக்குளத்தில் குடியேறின அல்லவா? அங்கே ஒரு கடையில் அவளுக்கென்று எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசைப் புத்தகங்கள் சிலவற்றை வாங்கி வந்தேன். இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள், ஒரு நாய். விடுமுறை விட்டால் ஐந்து பேரும் ஒன்றுசேர்வார்கள். ஏதாவது ஒரு தீவு, ஒரு சுரங்கவழி, ஒரு மர்மம். நடுநடுவே சாப்பாடு. அதில் வரும் ஜிஞ்சர் பீரைப் படித்துவிட்டு, "இவங்க எல்லாரும் பீர் குடிக்கிறாங்களே, அம்மா திட்டமாட்டாங்களா?" என்று கேட்டாள் என் பெண். நம் கோலி சோடாவில் இஞ்சி போட்டமாதிரி என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

முதல் புத்தகத்தை முடித்த அன்று இரவு இரண்டாவதை எடுத்தாள். ஆனால் படிக்கவில்லை, பக்கங்களை விறுவிறுவென்று புரட்டி எதையோ தேடினாள். என்னவென்று கேட்டேன்.

"இந்தப் புத்தகத்திலேயும் அஞ்சு பேரும் வராங்களான்னு பார்க்கிறேன் அப்பா."

வருகிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். நான் பல நாள் யோசித்தும் எட்டாத விஷயத்தை அந்தக் குழந்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தீவு முக்கியமில்லை, புதையலும் முக்கியமில்லை. நண்பர்கள் மறுபடியும் வருகிறார்களா என்பதே அவளுக்கு வேண்டியது.

பிளைட்டன் அந்த வரிசையின் முதல் புத்தகத்தை வெளியிட்டது 1942-ல். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஏழெட்டுப் புத்தகங்களோடு நிறுத்திவிடத்தான் நினைத்திருந்தாராம், குழந்தைகள் விடவில்லை. 1963 வரை மொத்தம் இருபத்தொன்று வந்தன. இருபத்தொரு வருஷத்தில் அந்தக் குழந்தைகள் வளர்ந்ததாகவே தெரியவில்லை. விமரிசகர்கள் இதைக் குறையாகச் சொன்னார்கள். நடை எளிது, கருத்து பழசு, எல்லாம் ஒரே அச்சு என்றார்கள். பி.பி.சி. வானொலி பல ஆண்டுகள் அவருடைய எழுத்தைத் தள்ளியே வைத்திருந்தது. குற்றச்சாட்டுகளில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் கடைசிப் புத்தகத்துக்கு அந்த அம்மாள் வைத்த தலைப்பைப் பாருங்கள்: 'ஐவரும் மறுபடியும் ஒன்றாக' என்று அதற்கு அர்த்தம். குழந்தைகள் எதற்காகத் தம்மிடம் வருகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இது வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த ரகசியமும் அல்ல. தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழாக்கிய பஞ்சதந்திரம் 1826-ல் சென்னையில் அச்சேறியது. அதன் முதல் தந்திரம் சிநேகிதத்தைக் கெடுப்பது. இரண்டாவது தந்திரம் சிநேகிதரைப் பெறுவது, அதாவது சுகிர்லாபம். ஒரு காகம், ஓர் எலி, ஓர் ஆமை, ஒரு மான். பறப்பது ஒன்று, வளையில் பதுங்குவது ஒன்று, ஊர்வது ஒன்று, ஓடுவது ஒன்று. இந்த நாலுக்கும் என்ன பொருத்தம்? வேடன் ஆமையைக் கட்டித் தூக்கிப் போகிறான். மான் செத்ததுபோல் கிடக்க, காகம் அதன் கண்ணைக் கொத்துவதுபோல் நடிக்க, வேடன் ஆமையைக் கீழே வைத்துவிட்டு மானைப் பிடிக்க ஓட, எலி கயிற்றைக் கடித்து அறுத்துவிடுகிறது. நாலும் ஒரே ஜாதியாக இருந்திருந்தால் ஆமை தப்பியிருக்காது. குழந்தைகளின் சிநேகிதக் கதைகள் எல்லாமே இந்த நாலு பிராணிகளின் பேரக் குழந்தைகள் என்று எனக்குத் தோன்றும். ஒன்றுக்கொன்று பொருத்தமில்லாதவர்கள் கூடுவதும், கூடியவர்கள் மறுபடியும் கூடுவதும்தான் அவற்றில் நடக்கிறது.

பொருத்தமில்லாத சிநேகிதம் எனக்கும் ஒன்று வாய்த்தது. வள்ளூர் என்றால் இன்று எல்லோருக்கும் தெரிவது 1500 மெகாவாட் அனல்மின் நிலையமும் அதன் புகைபோக்கிகளும்தான். என் சிறு வயதில் அந்தப் புகைபோக்கிகள் கிடையாது. கொசஸ்தலை ஆறு உண்டு. மீஞ்சூர்ச் சந்தை உண்டு. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயில் உண்டு. பக்கத்தில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்காக எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வெல்டர் குடும்பத்தோடு வந்து எங்கள் தெருக் கோடியில் குடியேறினார். அவருடைய மகன்தான் என் சிநேகிதன். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெலுங்கு தெரியாது. விளையாட்டில் சண்டை வந்தால் அவரவர் பாஷையில் திட்டிக்கொள்வோம். புரியாததால் சிநேகிதம் கெடவில்லை.

ஒரு நாள் அவன் கையில் ஒரு புத்தகத்தைப் பார்த்தேன். அட்டைப் படம் என்னிடம் இருந்த அம்புலிமாமாவின் அட்டைப் படமேதான்! உள்ளே பிரித்தால் அதே விக்கிரமாதித்தன், அதே உருவிய வாள், தோளில் அதே வேதாளம். எழுத்து மட்டும் ஜாங்கிரி ஜாங்கிரியாக இருந்தது. அது தெலுங்குச் 'சந்தமாமா'. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கியபோதே தெலுங்கிலும் தமிழிலுமாகப் பிறந்த இரட்டைக் குழந்தைகள் அவை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அன்று எங்களுக்கு அது ஒரு மாயம் போல இருந்தது. இரண்டு புத்தகங்களையும் திண்ணையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்துப்போட்டோம். அவன் ஒரு படத்தைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்வான். நான் என் வார்த்தையைச் சொல்வேன். இப்படியே ஒரு வருஷத்தில் அவன் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டான். நான் தெலுங்கில் என் பேரை எழுதக் கற்றேன். இன்றும் அது ஒன்றைத்தான் எழுதத் தெரியும்.

அனல்மின் நிலையத்தின் முதல் யூனிட் 1994-ல் ஓடத் தொடங்கியது. கட்டி முடிந்தால் கட்டியவர்களுக்கு அங்கே என்ன வேலை? வெல்டர் குடும்பம் வேறு ஊருக்குப் புறப்பட்டது. அப்போது தொடர்கதை ஒன்று பாதியில் நின்றிருந்தது. "நான் அங்கே வாங்குவேன், நீ இங்கே வாங்கு. ரெண்டு பேரும் அடுத்த பாகம் படிப்போம்" என்று அவன் தன் தமிழில் சொன்னான். அவ்வளவுதான் எங்களுடைய பிரிவு உபசாரம்.

கடிதங்கள் நாலைந்து வந்தன, பிறகு நின்றுவிட்டன. ஆனால் பெட்டிக்கடையில் அம்புலிமாமா வாங்குவதை மட்டும் நான் நிறுத்தவில்லை. மீசை முளைத்து, கல்லூரிக்குப் போகிற வயதில்கூட வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள். கதைக்காகவா வாங்கினேன்? ஏதோ ஓர் ஊரில் இதே படத்தை இந்த மாதம் அவனும் பார்த்துக்கொண்டிருப்பான் என்ற எண்ணத்துக்காக வாங்கினேன். இப்போது அம்புலிமாமாவும் வருவதில்லை.

கல்லூரியில்தான் ஆர். கே. நாராயணின் 'சுவாமியும் சிநேகிதர்களும்' நாவலை ஆங்கிலத்தில் படித்தேன். 1935-ல் வெளியான புத்தகம். சுவாமிநாதன் வக்கீல் மகன், மணி முரடன், ராஜம் போலீஸ் சூப்பரின்டென்டெண்டின் பிள்ளை. இங்கேயும் பொருத்தமில்லாத மூவர்தான். ஆனால் கிரிக்கெட் பந்தயத்துக்குச் சுவாமி வராமல் போனதில் ராஜம் கோபித்துக்கொள்கிறான். அதற்குள் தகப்பனாருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. ரயிலடிக்கு ஓடிவரும் சுவாமியின் கையில் பிரிவுப் பரிசாக ஒரு புத்தகம்: ஆண்டர்சனின் கதைகள். வண்டி நகர்ந்துவிட, மணிதான் கூடவே ஓடி அதைக் கொடுக்கிறான். ராஜம் கோபம் தணிந்தானா, கடிதம் எழுதுவானா என்பது சுவாமிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இந்தக் கதையில் அவர்கள் மறுபடியும் ஒன்று சேர்வதில்லை. படித்துவிட்டு அன்று முழுவதும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அப்படியானால் எது நிஜம்? பிளைட்டன் சொல்வது ஆறுதல், நாராயண் சொல்வது உண்மை என்று முடித்துவிடலாமா? அந்த நாவல் பிறந்த கதையை அறிந்த பிறகு எனக்கு அப்படி முடிக்கத் தோன்றவில்லை. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி அது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த பூர்ணா என்ற சிநேகிதருக்கு நாராயண் சலித்துப்போய் எழுதினார்: ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு என்று. சிநேகிதர் அப்படிச் செய்யவில்லை. கிரஹாம் கிரீன் என்ற எழுத்தாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் அதற்குப் பதிப்பாளர் பிடித்துத் தந்ததோடு, இன்றுள்ள தலைப்பையும் யோசனை சொன்னார். நாராயணும் கிரீனும் நேரில் சந்தித்தது அதற்கு இருபது வருஷங்களுக்குப் பிறகு, 1956-ல்தான். பிரிவில் முடிகிற ஒரு கதையை, கடல் கடந்து பிரிந்திருந்த ஒரு சிநேகிதர்தான் காப்பாற்றி உலகத்துக்குக் கொடுத்தார்! பிரிந்துபோன சிநேகிதன் இல்லாமல் போய்விடுவதில்லை. ஆனால் அதை நம்புவதற்கு ஒரு பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கத்தைக் குழந்தைக்குக் கொடுப்பவை அந்த வரிசைப் புத்தகங்கள்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் பிரிகிறார்கள். அடுத்ததன் தொடக்கத்தில் வந்துவிடுகிறார்கள். இருபது தடவை அதைப் பார்த்த குழந்தை, இருபத்தோராவது பிரிவில் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

போன வருஷம் என் பெண்ணின் உயிர்ச் சிநேகிதி ஊரை விட்டுப் போனாள். ஒரிஸாப் பக்கத்துக் குடும்பம், தகப்பனாருக்கு மாற்றல். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை முதல் எண்ணூர் வரை, பள்ளிக்கூடத்து பெஞ்சில் ஆண்டுதோறும் யாராவது ஒருவருடைய இடம் காலியாகும். என் பெண் அழவில்லை. அலமாரியிலிருந்து அந்த ஐவர் புத்தகத்தை எடுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். "ஒரே புஸ்தகத்தை எத்தனை தடவைடி படிப்பே?" என்று என் மனைவி கேட்டபோது, நான் குறுக்கிட்டு அவளைச் சமையலறைக்கு அழைத்துப் போய்விட்டேன்.

அமெரிக்காவில் ஆர்னால்டு லோபெல் என்பவர் 1970 முதல் 1979 வரை தவளையும் தேரையும் சிநேகிதர்களாக வரும் நாலு சிறு புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒரு கதை. தனக்குக் கடிதமே வருவதில்லை என்று தேரை வருத்தப்படுகிறது. தவளை வீட்டுக்கு ஓடி ஒரு கடிதம் எழுதி, கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஒரு நத்தையிடம் தருகிறது. நத்தையாயிற்றே, சீக்கிரம் வருமா? கடைசியில் தவளை பொறுக்க முடியாமல் கடிதத்தில் என்ன எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறது. அப்புறம் இரண்டும் வாசலில் உட்கார்ந்து, உள்ளே இருப்பது தெரிந்த அந்தக் கடிதத்துக்காகச் சந்தோஷமாகக் காத்திருக்கின்றன. நாலு நாள் கழித்து நத்தை வந்து சேர்கிறது.

தெரிந்த கதையை நாம் மறுபடியும் படிப்பதும் அப்படித்தான். என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

ஆகவே, உங்கள் வீட்டுக் குழந்தை படித்த புத்தகத்தையே படித்துக்கொண்டிருந்தால் பிடுங்காதீர்கள். "வயசுக்குத் தக்கதைப் படி" என்று உபதேசமும் வேண்டாம். சிநேகிதர்களைப் பார்க்கப் போயிருக்கிற குழந்தையிடம், "நேற்றுத்தானே பார்த்தாய்?" என்று யாராவது கேட்பார்களா? சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது மட்டும் கொஞ்சம் உரக்கக் கூப்பிடுங்கள். அவ்வளவு தூரத்திலிருந்து அவர்களுக்குக் கேட்க வேண்டுமே!