மடிக்கணினிக்குள் ஓர் அயல்நூலகம்

தமிழ் படித்தவர்களுக்கு நூலகம் என்றால் தாளும் தூசும் பாச்சை உருண்டை வாடையும். கணினிக்காரர்கள் அதே சொல்லை வேறொன்றுக்கு ஆள்கிறார்கள். ஒரு நிரல் தானே எழுதிக்கொள்ளாமல் பிறரிடம் இரவல் வாங்கும் வேலைகளின் கட்டு அவர்களுக்கு நூலகம். அது பொதியாகக் கட்டப்பட்டு வருகிறது. அதற்கும் பதிப்பு எண் உண்டு, பதிப்புகளுக்கிடையே பாடபேதமும் உண்டு. இலக்கியம் பேசுமிடத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் அடுத்த பத்தியைப் படித்துவிட்டு முடிவுசெய்யலாம்.

எங்கள் துறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் யாப்பு கற்பித்த ஐயாவுக்குக் கண்ணழுத்த நோயால் பார்வை போயிற்று. வயது எழுபத்து நான்கு. பிள்ளைகள் வாங்கித் தந்த கைபேசி எதையும் படித்துக் காட்டும். ஆனால் செய்யுளையும் செய்தித்தாளையும் அதற்கு வேறுபடுத்தத் தெரியாது. ஐயாவுக்கு வேண்டியது, ஒரு பாட்டை ஒருமுறை சீர் பிரித்தும் மறுமுறை பதம் பிரித்தும் கேட்பது. கண்ணாடித் திரையில் விரல் வழுக்குகிறது என்ற குறை வேறு. “ஒரு திருகு, ஒரு பொத்தான். அதுக்கு மேல வேண்டாம் தம்பி” என்றார். துறையிலிருந்து இருவரும் கணினித்துறை மாணவர் ஒருவருமாக நாங்கள் மூவர் இதில் இறங்கினோம்.

உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ பலகை, ஓர் ஒலிபெருக்கி, குரலுக்கு ஈஸ்பீக் என்ஜி. ஈஸ்பீக் தமிழும் பேசும் கட்டற்ற மென்பொருள். அதன் வரலாற்றில் எங்களை ஈர்த்த செய்தி ஒன்று உண்டு. ஜோனதன் டடிங்டன் 1995இல் அதன் முதல் வடிவத்தை எழுதியது ஏகார்ன் கணினிகளுக்காக. அந்த ஏகார்ன் நிறுவனத்தில்தான் 1985இல் முதல் ஆர்ம் செயலி பிறந்தது. எங்கள் பலகையில் இருப்பதும் ஆர்ம் வழிச் செயலியே. ஆக, அந்தக் குரலைப் பிறந்த வீட்டுக்குத்தான் அனுப்பிவைக்கிறோம்.

சிக்கல் தூரத்தில் இருந்தது. பெட்டி ஐயாவின் வீட்டில், அறுபது கிலோமீட்டருக்கு அப்பால். திருத்தமெல்லாம் கல்லூரியில், இன்டெல் செயலி கொண்ட மடிக்கணினியில். ஒரு செயலிக்கான ஆணைகளை மற்றதால் படிக்க இயலாது. ஆகவே இங்கிருந்தபடியே அங்குள்ள செயலிக்கான நிரலை ஆக்கித் தரவேண்டும். இதைத்தான் கிராஸ் கம்பைல் என்கிறார்கள். நிரலை மாற்றித்தரும் கம்பைலரைப் பெறுவது எளிது. ‘கிராஸ்பில்ட் எசென்ஷியல்’ என்ற ஒரே பொதியில் வந்துவிடும். ஆனால் எங்கள் நிரல் ஈஸ்பீக் நூலகத்தை இரவல் கேட்கிறதே! அந்த நூலகத்தின் ஆர்ம் பதிப்பும் மடிக்கணினியில் இருந்தாகவேண்டும். அங்கே ஏற்கெனவே இருக்கும் இன்டெல் பதிப்போடு மோதாமலும் இருக்கவேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் ஓரிடத்தில் இருக்க முடியாது. முன்பு 64 பிட் கணினியில் 32 பிட் மென்பொருள் ஓட்டுவதற்கு, டெபியனில் ‘ஐஏ32 லிப்ஸ்’ என்று பல நூலகங்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஒன்றில் பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும் மூட்டை முழுவதையும் அவிழ்த்துக் கட்டவேண்டும். 2013இல் வந்த டெபியன் 7 ‘மல்டிஆர்ச்’ என்ற முறையோடு இதற்கு முடிவுகட்டியது. ஒவ்வொரு செயலி வகைக்கும் தனிப் பெயரில் தனி அடுக்கு. எங்கள் பலகையின் நூலகங்கள் ‘ஏஆர்ச்64-லினக்ஸ்-குனு’ என்ற அடுக்கில் போய் உட்காரும். பொதியைக் கேட்கும்போது பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு ‘ஆர்ம்64’ என்று சேர்த்தால் போதும். பெயர் ஒன்றே, ஈற்றில் ஒட்டும் உருபு பொருளை வேறாக்கிவிடுகிறது. வேற்றுமை நடத்திப் பழகிய எங்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

பொதிகளுக்குள் மூவகை உண்டு. அவற்றின் பாகுபாடு இலக்கணிகள் வகுத்தது போலவே இருக்கிறது. நூலகங்கள் ‘சேம்’ என்ற வகை: எத்தனை செயலிக்கு வேண்டுமானாலும் அருகருகே நிறுவலாம், ஆனால் எல்லாம் ஒரே பதிப்பாக இருக்கவேண்டும். இன்டெல்லுக்கு ஒரு பதிப்பும் ஆர்முக்கு அடுத்த பதிப்பும் என்றால் நிறுவி மறுத்துவிடும். கருவிகள் பல ‘ஃபாரின்’: எந்தச் செயலிக்கானதாக இருந்தாலும் வேலை நடக்கும், ஒன்றே போதும். பைத்தான் போன்றவை ‘அலவ்ட்’: கேட்கிறவர் எப்படிக் கேட்கிறாரோ அப்படி.

மாணவரிடம் பழைய ஜீரோ பலகை ஒன்று சும்மா கிடந்தது. கணினித்துறை நண்பர் அதைத் தொடவே வேண்டாம் என்றார். காரணம் எங்களுக்கு மிகப் பழகிய ஒன்று, பலபொருள் ஒருசொல். டெபியனில் ‘ஆர்ம்எச்எஃப்’ என்றால் ஆர்ம் ஏழாம் வகைச் செயலி. பழைய ஜீரோவில் இருப்பதோ ஆறாம் வகை. அதற்கென்று மீண்டும் ஆக்கப்பட்ட ராஸ்பியன் பொதிகளும் அதே ‘ஆர்ம்எச்எஃப்’ பெயரைத்தான் தாங்கியிருக்கின்றன. பெயரை நம்பி டெபியன் பொதிகளைக் கொண்டு ஆக்கினால், பலகை ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்’ என்று சொல்லி நின்றுவிடும். அகராதியில் இப்படி ஒரு பதிவு இருந்தால் தொகுத்தவரை விட்டிருப்போமா?

பதிப்புக் கணக்கு இன்னும் நுட்பமானது. மடிக்கணினியில் 2025இல் வந்த டெபியன் 13. அதன் குனு சி நூலகம் 2.41. பலகையிலோ 2023இன் டெபியன் 12ஐ ஒட்டிய அமைப்பு, அங்கே 2.36. புதியதில் ஆக்கிய நிரல் பழையதில் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டால் ஓடாது. பழையதில் ஆக்கியது புதியதில் ஓடும். ஆகவே மாணவர் மடிக்கணினிக்குள்ளேயே டெபியன் 12க்கு ஒரு தனி அறை கட்டினார். அயல்நூலகம் குடியிருப்பது அங்கேதான். பலகைக்கான நிரலைக் கல்லூரியிலேயே ‘கியூஎமு’ வழியாக ஓட்டிக் கேட்டுவிட முடிந்தது எங்களுக்கு வியப்பு. அது செயலியையே நடித்துக் காட்டும் மென்பொருள். இரவல் நூலகங்கள் அருகிலேயே இருப்பதால் நடிப்பில் தடங்கல் வரவில்லை.

இப்போது ஐயா நாள்தோறும் இரண்டு மணி நேரம் கேட்கிறாராம். குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. “இது யாரு, தொண்டையில தகரம் வச்சவன்?” என்றார். ஆனாலும் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. அடியின் இறுதியில் இன்னும் சற்று நிற்கவேண்டும் என்றார்; சென்ற முறை அதைச் சரிசெய்து கொண்டுபோனோம். ‘பாவம்’ என்பதைத் தீவினை என்ற பொருளில் ஒருவிதமாகவும் மெய்ப்பாடு என்ற பொருளில் வேறுவிதமாகவும் ஒலிக்கவேண்டும் என்கிறார். எழுத்தில் இல்லாத வேறுபாட்டை எந்திரம் எங்கிருந்து எடுக்கும்? இடம் பார்த்து நாங்களே குறித்துத் தரவேண்டியதுதான். ஈஸ்பீக்கின் தமிழ்ச் சொற்பட்டியல் வெறும் உரைக்கோப்பு; தமிழாசிரியர் கைவைக்கக் கூடியது. மடிக்கணினியில் இருக்கும் அதே பதிப்பு ஈஸ்பீக்கைக் கொண்டு அதை அகராதியாக்கி, நிரலோடு எடுத்துப்போகிறோம். ஐயா சொல்லச் சொல்ல எழுதிவந்த பட்டியலில் இதுவரை நாற்பத்தொரு சொற்கள். பத்தொன்பது முடிந்திருக்கின்றன.