சும்மா கிடக்காத ஹார்ட் டிஸ்க்

ரூமில் நாங்கள் மூன்று பேர், கொம்பியூட்டர் ஒன்று. அதற்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க். இரண்டாவதற்கு 'ஸ்பெயார்' என்று பேர் வைத்து, மாதக்கணக்காக ஒருத்தரும் தொடவில்லை. ஆனால் இரவு எல்லாம் அடங்கின பிறகு "டிக்" என்று ஒரு சத்தம் வரும். பிறகு மெல்ல உறுமிச் சுத்தத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அடங்கும். திரும்பவும் "டிக்".

முதலில் பேய் என்று பகிடி விட்டோம். பிறகுதான் பயம் வந்தது. எங்கட இறுதி வருட ஆய்வுக்கான ஒலிப்பதிவுகள் அதற்குள்தான் கிடந்தன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்துபோனவர்களின் கதைகள். கதை சொன்ன ஆச்சி ஒராள் இப்ப உயிரோட இல்லை.

டிஸ்க் சாகப்போகுதோ என்று பார்க்க ஒரு மென்பொருளை இறக்கினோம். ஆரோக்கியம் நல்லது என்றுதான் காட்டியது. ஆனால் எத்தனை தரம் நின்று திரும்ப ஓடியது என்ற எண்ணிக்கை மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது.

விண்டோஸில் டிஸ்க்கை 20 நிமிடம் தொடாவிட்டால் நிறுத்தச் சொல்லி ஒரு அமைப்பு இருக்கு. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. அப்ப எழுப்பிறது ஆர்? ரிசோர்ஸ் மொனிற்றரைத் திறந்து, டிஸ்க் பக்கத்தில் எந்தப் புரோகிராம் அதைத் தொடுது என்று காவல் இருந்தோம்.

முதல் கள்ளன் தேடல் அட்டவணை. தேட லேசாக இருக்கும் என்று அந்த போல்டரை அதில் சேர்த்ததே நாங்கள்தான். எடுத்துவிட்டோம். அடுத்தது வைரஸ் ஸ்கான். வேர்டில் கட்டுரையைச் சேமிக்கப் போனாலும், அந்தச் சின்ன ஜன்னல் எல்லா டிஸ்க்கையும் தட்டி எழுப்பிப்போட்டுத்தான் திறக்கும். பெரிய பகிடி என்னெண்டால், ஆரோக்கியம் பார்க்க நாங்கள் இறக்கின மென்பொருளும் பின்னால ஓடிக்கொண்டு இடைக்கிடை அதை விசாரித்துக்கொண்டிருந்தது. நோயாளியை நித்திரை கொள்ள விடாத டொக்டர் மாதிரி.

கடைசியில் டிஸ்க் மனேஜ்மென்றில் அதை 'ஓப்லைன்' ஆக்கினோம். சத்தம் நின்றது.

அந்த அமைதியில்தான் ஒருத்தி கேட்டாள்: "இதின்ர மற்றப் பிரதி எங்க?"

போனில் இடமில்லையென்று அங்கே அழித்திருந்தோம். முதல் டிஸ்க்கிலும் இல்லை. ஸ்பெயார் என்று நாங்கள் சொன்னதுதான் இருந்த ஒரே பிரதி. அதுவும் அதே பெட்டிக்குள்ள, அதே கரண்டில. ஒரு மின்னல் காணும், எல்லாம் போக.

அடுத்த நாளே அதைத் திரும்ப ஒன்லைன் ஆக்கி, எல்லாவற்றையும் பிரதி எடுத்தோம். ஒன்று கொம்பியூட்டரில். ஒன்று ஊரில், ஒருத்தியின் அம்மாவின் அலுமாரியில். ஸ்பெயாரைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்திருக்கிறோம். மாதம் ஒருக்கா பூட்டி, பதிவுகள் திறக்குதா என்று பார்க்கிறோம்.

உங்கட அம்மம்மாவின் குரலும் ஒரே ஒரு போனில்தான் இருக்கோ? இண்டைக்கே இன்னொரு இடத்தில் போட்டு வையுங்கோ. எங்களுக்கு அந்த "டிக்" சொல்லித்தந்தது.