பெயரை மறைத்த விண்ணப்பம்

அலுவலகத்தில் இருந்த காலம் முழுக்க, சாதி எழுதக் கட்டம் இல்லாத விண்ணப்பம் என் கைக்கு வந்ததாக நினைவில்லை. நான் படித்த பிரெஞ்சு மொழியின் நாட்டிலோ நேர் எதிர். ஆளின் இனத்தை அரசாங்கம் கேட்காது, எழுதி வைக்காது. மக்கள்தொகைக் கணக்கிலும் இனம், மதம் கிடையாது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்ட விவரங்களைச் சேர்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு போட்டது. 2007-ல் அவர்களுடைய அரசியல் சாசன மன்றமும், இனத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கெடுப்பது சாசனத்துக்கு ஒவ்வாது என்றது. இதற்குக் காரணமும் உண்டு. 1940-ல் யூதர்களைப் பட்டியல் எடுத்ததால் என்ன நடந்தது என்பதை அந்த நாடு மறக்கவில்லை.

ஆனால் கணக்கு இல்லாமல் குறையை எப்படிச் சரிசெய்வது? இதற்கு அவர்கள் பட்ட பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

2005-ல் பாரிசின் புறநகர்களில் பெரிய கலவரம் நடந்தது. அடுத்த ஆண்டே ஒரு சட்டம் வந்தது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், விண்ணப்பத்தில் பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்றது. அதை நடைமுறைப்படுத்தும் ஆணை மட்டும் வெளிவரவேயில்லை. (சட்டம் வந்து விதி வராத கோப்புகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்கு ஆச்சரியமில்லை.)

2009, 2010-ல் வேலைவாய்ப்பு அலுவலகம் இதைச் சோதித்துப் பார்த்தது. புருனோ கிரெப்போன் உள்ளிட்ட மூன்று பொருளாதார அறிஞர்கள் முடிவை ஆராய்ந்தார்கள். பெயர் தெரிந்தபோது, வெளிநாட்டு வம்சாவளியினருக்கும் ஏழைப் புறநகர்க்காரர்களுக்கும் பத்தில் ஒருவருக்கு நேர்காணல் கிடைத்தது. பெயரை மறைத்த பிறகு 22-ல் ஒருவருக்குத்தான்! சோதனைக்குத் தாமாக முன்வந்த நிறுவனங்கள் ஏற்கெனவே கொஞ்சம் நல்ல மனதுள்ளவை. பெயரையும் ஊரையும் பார்த்தால், "பாவம், கஷ்டப்பட்ட பையன், நடுவில் இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்திருக்கிறான்" என்று விட்டுக்கொடுப்பார்கள். மறைத்ததும் அந்த இரண்டு வருஷம் வெறும் குறையாகத் தெரிந்தது. 2015-ல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் அத்தான் குடும்பத்துக்கு இதனால் பயனே இருந்திருக்காது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி நம் வழக்கச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் வைத்துக்கொண்டு பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போன குடும்பம் அது. பெயர் முழுக்கப் பிரெஞ்சு, நிறம் நம்முடையது. விண்ணப்பத்துக்கு உடனே பதில் வரும். நேரில் போனதும் இடம் நிரம்பிவிட்டது என்பார்களாம். எந்தக் கம்பெனி என்று அத்தான் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இனத்தைக் கேட்க முடியாத ஆராய்ச்சியாளர்கள் பெற்றோர் பிறந்த நாட்டைக் கேட்டார்கள். 2008-09-ல் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு அப்படித்தான். கெட்டிக்கார வழிதான், எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையில் 'குடியேறியவர்' என்றால், வெளிநாட்டில் வெளிநாட்டுக் குடிமகனாகப் பிறந்தவர் என்று பொருள். அத்தான் புதுச்சேரியில் பிறந்தவர்தான். ஆனால் பிறக்கும்போதே பிரெஞ்சுக் குடிமகன். அந்தக் கட்டத்திலும் அவர் வரமாட்டார்.