எதிர்வரிசையில் மாட்டவும்

வாகனப் பழுதுபார்ப்புக் கையேடுகளில் ஒரு வாக்கியம் அலுக்காமல் வந்துகொண்டே இருக்கும். ஒரு பாகத்தைக் கழற்றும் முறையைப் பத்துப் பன்னிரண்டு படிகளில், படங்களோடும் அம்புக்குறிகளோடும் விளக்குவார்கள். திரும்ப மாட்டும் முறைக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்துக்கொள்வார்கள்: கழற்றியதற்கு எதிர்வரிசையில் மாட்டவும். இந்த வரியை நம்பி நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை எழுதாமல் இருந்ததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை.

2004இல் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினேன். 1998ஆம் வருடத்து வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். பானெட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கை நுழைய இடமும் இருக்கும். ஒரு பட்டறையில் முதல் சர்வீசுக்கு விட்டபோது கொடுத்த பில்லில் பதினான்கு வரிகள் இருந்தன. அவற்றில் எத்தனை வேலைகள் உண்மையில் நடந்தன என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. வழியில்லாத இடத்தில் சந்தேகம் முளைக்கிறது. இனி இந்த வண்டியை நானே பார்த்துக்கொள்வேன் என்று அன்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவுக்குப் பின்னால் கொஞ்சம் வாசிப்பும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராபர்ட் பிர்சிக் 1974இல் எழுதிய 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயிண்டனன்ஸ்' நாவலில் ஒரு பட்டறை வருகிறது. வானொலி சத்தமாகப் பாட, மெக்கானிக்குகள் எதிலும் ஒட்டாமல் சுத்தியும் உளியுமாக வேலை செய்து கதைசொல்லியின் மோட்டார் சைக்கிளைப் பாழாக்குவார்கள். கடைசியில் பழுதுக்குக் காரணம் எண்ணெய் செல்லும் வழியில் உடைந்த சிறு ஊசி ஒன்று என்று அவரே கண்டுபிடிப்பார். தன் வேலையில் மனம் வைக்காதவன் கையில் என் பொருளைக் கொடுக்க மாட்டேன் என்கிற அந்தக் கோபம் என்னைப் பற்றிக்கொண்டது. போதாததற்கு நான் இருப்பது கோயம்புத்தூரில். வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் போட்டுப் படித்த ஜி.டி. நாயுடுவின் கதையைக் கேட்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொடங்கியவர் அவர். பிரித்துப் பார்ப்பது எங்கள் ஊரில் ஒரு தகுதியாகவே கருதப்படுகிறது. பிரித்தவர்களில் எத்தனை பேர் திரும்பச் சேர்த்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் ஆங்கிலக் கையேடு ஒன்று கிடைத்தது. முதலில் எண்ணெய் மாற்றினேன். காற்று வடிகட்டியை மாற்றினேன். இரண்டும் சரியாகவே நடந்தன. அடுத்தது ஸ்பார்க் பிளக். மூன்றே மூன்று பிளக்குகள்தாம். மூன்றாவதை ஸ்பேனரால் முடுக்கும்போது கொஞ்சம் கனமாக இருந்தது. சரியாகப் பிடிக்கிறது போலும் என்று இன்னும் அழுத்தினேன். பிளக்கின் மரை எஃகு, சிலிண்டர் ஹெட்டின் மரை அலுமினியம். கோணலாக நுழைந்த எஃகு, அலுமினியத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டது. தெருமுனைக்கு அப்பால் சிறு பட்டறை வைத்திருந்த மெக்கானிக் அதைப் புது மரை வைத்துச் சரிசெய்து கொடுத்தார். "முதல் நாலு சுத்து கையிலதானுங்க சுத்தோணும். கைக்கு வரலைன்னா கழட்டி மறுபடி வெக்கோணும். ஸ்பேனரு கடைசீல" என்று மட்டும் சொன்னார். நான் தலையாட்டினேன். அதைப் பிளக்குக்கான பாடமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். நூற்பாலையில் முப்பது வருடங்களுக்கு மேல் ஃபிட்டராக இருந்தவர். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. நான் காருக்கு அடியில் படுத்திருக்கும்போதெல்லாம் போர்ட்டிகோவின் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பார். ஸ்பேனர் அளவைச் சொல்லிக் கேட்டால் பெட்டியைப் பார்க்காமலே எடுத்து நீட்டுவார். அதற்கு மேல் அவர் எதுவும் செய்ய நான் இடம் கொடுக்கவில்லை. கார் வேறு, மில் வேறு என்பது என் எண்ணம். அதற்கும் அடியில் இன்னொரு எண்ணம் இருந்தது. அவருடைய கைத்தொழில் எனக்கு வரவில்லையே என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லிக் காட்டியதற்கு, புத்தகத்தைப் படித்தே அதைச் செய்துகாட்ட வேண்டும் என்கிற வீம்பு.

2006ஆம் ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சில நாட்களாகவே பிரேக் மிதிக்கும்போது முன்சக்கரத்தில் கீச்சென்று ஒலி. பிரேக் ஆயில் டப்பாவிலும் மட்டம் இறங்கியிருந்தது. கையேட்டைப் பார்த்தேன். பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. பிஸ்டனுக்குப் பின்னால் உண்டாகும் இடத்தை எண்ணெய் நிரப்புவதால் டப்பாவில் மட்டம் இறங்குகிறது. இரண்டு அடையாளங்களுக்கும் காரணம் ஒன்றே. இதைப் புரிந்துகொண்டதில் எனக்குண்டான மகிழ்ச்சி ஒரு நல்ல கவிதை பிடிபட்டபோது வருவதற்குக் குறைந்ததல்ல.

ஜாக்கி வைத்துத் தூக்கினேன். பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். காலிப்பரின் போல்டுகளைக் கழற்றிப் பழைய பேட்களை எடுத்தபோது அவை பிஸ்கட் போலத் தேய்ந்திருந்தன. புதியவை தடிமனானவை, முன்னால் வந்து நிற்கும் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் அவற்றுக்கு இடம் கிடைக்கும். சி கிளாம்ப் வைத்து மெதுவாகத் தள்ளினேன். எண்ணெய் டப்பாவுக்கே திரும்பி வழிந்து, பெயின்ட்டின் மேல் சொட்டியது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்று படித்திருந்ததால் உடனே துடைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். எவ்வளவு கவனமாக இருக்கிறேன் என்று எனக்கே பெருமையாக இருந்தது. புதிய பேட்களை வைத்தேன். அடுத்த வரி, எதிர்வரிசையில் மாட்டவும். மாட்டினேன். இரண்டு பக்கமும் முடிந்தபோது ஒரு போல்டுகூட மிச்சமில்லை. கையேட்டை மூடி வைத்தேன்.

அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்தார். "கையில ஒரு சுத்து சுத்திப் பாத்தியா கண்ணு?"

மில்லில் எந்த இயந்திரத்தைப் பிரித்து மாட்டினாலும், மின்சாரம் கொடுப்பதற்கு முன் கையாலேயே ஒரு முழுச்சுற்று சுற்றிப் பார்ப்பது அவர் பழக்கம். எங்காவது தட்டினால், இறுகினால் கைக்குத் தெரிந்துவிடும். வீட்டில் தையல் இயந்திரத்துக்குப் பெல்ட் மாற்றினால்கூட அப்படித்தான் செய்வார். எனக்குச் சிரிப்பு வந்தது. "இது பிரேக்குப்பா. சுத்தறதுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

எங்கள் வீடு தெருவைவிட இரண்டடி உயரம். போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்குச் சிமென்ட் சரிவு. வண்டியை எப்போதும் பின்னோக்கித்தான் இறக்க வேண்டும். அப்பா வழக்கம்போலக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்று, "வரட்டும்... வரட்டும்..." என்று சொல்லத் தொடங்கினார். முட்டுக் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டி சரிவில் இறங்கியது. தெருவில் ஒரு பையன் சைக்கிளில் வந்திருக்க வேண்டும். கண்ணாடியில் அப்பாவின் கை உயர்வது தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன்.

இருட்டில், இல்லாத படியில் கால் வைத்தது போலிருந்தது. பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரையைத் தொட்டது. நான் காலை எடுக்கவில்லை. இன்னும் பலமாக, இருக்கையிலிருந்து எழும் அளவுக்கு அழுத்தினேன். வண்டி வேகமெடுத்தது. கண்ணாடியில் அப்பா விலகவில்லை. இரண்டு கைகளையும் டிக்கியின் மேல் ஊன்றி வண்டியைத் தாங்க முயன்றார். 600 கிலோவுக்கும் மேலான வண்டி. எந்த நொடியில் ஹேண்ட் பிரேக்கின் நினைவு வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அது கேபிள் வழியாகப் பின்சக்கரங்களை மட்டும் பிடிப்பது. நான் கைவைத்த எதற்கும் அதனோடு தொடர்பில்லை. இழுத்ததும் வண்டி நின்றது. கண்ணாடியில் அப்பா இல்லை.

சாக்கடைத் திட்டின் மேல் மல்லாந்து விழுந்திருந்தார். பம்பருக்கும் அவர் கால்களுக்கும் இடையே ஒரு முழ தூரம் இருக்கலாம். ஊன்றிய இடது மணிக்கட்டு உடைந்து, கை பார்க்கச் சகிக்காத விதத்தில் வளைந்திருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். மருத்துவர் எப்படி நடந்தது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "வழுக்கி விழுந்துட்டனுங்க." நான் அதைத் திருத்தவில்லை.

மறுநாள் அந்தப் பட்டறைக்காரர் வந்தார். சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். பேட் சரி, போல்டு சரி, எங்கும் ஒழுகல் இல்லை. பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெடலை மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். மறுபடி மிதித்தார். நான்காவது முறை பெடல் பாதியிலேயே கல்லைப் போல நின்றது. "மாட்டுனதுக்கப்புறம் மிதிச்சுப் பாக்கலீங்களா?" என்றார். நான் பேசாமல் நின்றேன். "ஒண்ணும் ரிப்பேரே இல்லீங்க சார். நாலு மிதி, அவ்வளவுதானுங்க." எவ்வளவு கேட்டும் காசு வாங்கிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த பெரிய தண்டனை.

விஷயம் மிக எளியது. பிஸ்டனை நான் பின்னால் தள்ளியிருந்தேன். அதற்கும் புதிய பேட்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தது. ஒரு மிதியில் நகரும் எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பப் போதாது. மிதித்து, காலை எடுத்து, மறுபடி மிதிக்க வேண்டும். ஒவ்வொரு மிதியிலும் பிஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக முன்வந்து பேட்டைத் தொடும். அந்தச் சரிவில்கூட நான் காலை எடுத்து மறுபடி மறுபடி மிதித்திருந்தால் ஒருவேளை வண்டி நின்றிருக்கும். நானோ பயத்தில் அழுத்திக்கொண்டே இருந்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்ததே என்னைக் கைவிட்டது.

அன்றிரவு கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எதிர்வரிசையில் மாட்டவும் என்ற வரி பக்கத்தின் கடைசியில் இருந்தது. அடுத்த பக்கத்தின் தொடக்கத்தில், கட்டம் கட்டி, வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்கும்படி எச்சரித்திருந்தார்கள். வாசிப்பைப் பற்றிப் பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதுகிறவன், பக்கத்தைப் புரட்டவில்லை. ஒரு செயலை எதிர்வரிசையில் செய்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று எவ்வளவு எளிதாக நம்பிவிட்டேன்! போல்டுகள் வந்த வழியே திரும்பிப் போய்விடும். இடையில் நகர்ந்துபோனவை அப்படித் தானாகத் திரும்புவதில்லை.

பிர்சிக்கின் மெக்கானிக்குகள் வேலையில் மனம் வைக்காதவர்கள். எனக்கு மனம் இருந்தது, ஆர்வம் இருந்தது, புத்தகமும் இருந்தது. இல்லாமல் போனது, நான் செய்தது தவறாக இருக்கலாம் என்ற சிறு சந்தேகம். அப்பா முப்பது வருடம் செய்த வேலையை ஒரு நாளும் சோதிக்காமல் நம்பியதில்லை. 'கையில ஒரு சுத்து' என்பது அவருக்குச் சக்கரத்தைப் பற்றிய பேச்சல்ல என்பது, அவர் கையில் மாவுக்கட்டோடு காபித் தம்ளரை வலது கையால் வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது.

மாவுக்கட்டு ஆறு வாரம் இருந்தது. பிரித்த பிறகும் இடது கை முழுமையாகத் திரும்பவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கி வைக்கச் சிரமப்படுவார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி வீட்டில் அம்மா ஒருத்திதான் பேசினாள், அதுவும் ஒரே முறை: "முந்நூறு ரூவா மிச்சம் பண்ணப் போயி." முடிக்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

நான் பல மாதங்கள் பானெட்டைத் திறக்கவில்லை. பெட்டி ஸ்டூலுக்கு அடியில் தூசி படிந்து கிடந்தது. 2010இல் மறுபடி அதே கீச்சொலி. பட்டறையில் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். காலையில் எழுந்து வந்தபோது அப்பா பெட்டியைத் துடைத்து வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பதினான்காம் நம்பர் ஸ்பேனரை வலது கையால் எடுத்து நீட்டினார்.

வேலை முடிந்தது. கல் முட்டை எடுக்காமல் உள்ளே உட்கார்ந்து மிதித்தேன். முதல் மிதி தரையைத் தொட்டது. என் முதுகு சில்லிட்டது. இரண்டு. மூன்று. நான்காவதில் பெடல் கெட்டியாக நின்றது. இன்னும் பத்து முறை மிதித்தேன்.

"சுத்திப் பாத்தியா கண்ணு?"

"பாத்துட்டனுங்கப்பா."

கேட்டைத் திறந்து வைத்துவிட்டு அவர் வண்டிக்குப் பின்னால் நடந்தார். "அப்பா, ஓரமா நில்லுங்க" என்று கத்தினேன். காதில் விழாதவர் போலச் சரிவின் அடியில், வண்டிக்கு நேர் பின்னால் போய் நின்றுகொண்டார். கண்ணாடியில் அவர் கை உயர்ந்து அசைந்தது.

"வரட்டும்... வரட்டும்..."

ஒரு கையை ஹேண்ட் பிரேக்கின் மேல் வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக வண்டியை இறக்கினேன்.