செவி மன்னித்த பிழை

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், குரலுக்கும் மோடத்துக்கும் பொதுவான தொலைபேசி இடைமுகச் சுற்று ஒன்றை வடிவமைத்தேன். குரல் நன்றாகக் கேட்டது. சுற்று சரி என்று நெறியாளரிடம் அறிவித்தும்விட்டேன். மோடமோ ஒவ்வொரு முறையும் தொடர்பை இழந்தது. மூன்று வாரம் தொலைபேசிக் கம்பியையே குறை கூறினேன்.

பிழை என்னுடையது. இணைப்பை எடுத்ததும் இணைப்பகத்தின் 48 வோல்ட் மின்கலத்திலிருந்து நேர்மின்னோட்டம் பாயும். எடுத்ததை இணைப்பகம் அறிவதும் அதனாலேயே. அதை நான் 600 ஓம் மின்மாற்றியின் வழியே விட்டிருந்தேன். அதன் சிறிய உள்ளகம் காந்தத் தெவிட்டல் அடைந்து, அலைவடிவைச் சிதைத்தது. மின்தேக்கி ஒன்றால் மின்மாற்றியைக் காத்து, நேர்மின்னோட்டத்துக்கு டிரான்சிஸ்டர் வழியே தனிப்பாதை அமைத்தேன், மோடம் நிலைத்தது.

சிதைந்த ஒலியையும் செவி பொருள்கொண்டு நிரப்பிக்கொள்ளும். மோடத்துக்கு அந்தத் தாராளம் இல்லை. நெறியாளரிடம் சென்று, முன்பு சொன்னது தவறென்றேன். அதுமுதல் காதால் கேட்டதை முடிவாக எழுதுவதில்லை.